மீன்கொத்திக்கும் எங்களுக்கும் இருபது அடி

ஜனவரி 6

காலை ஆறு மணிக்கே பேத்தி லூசியா எங்கள் ஆறு வீட்டு லயத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே மண்மேட்டில் ஒரு மீன்கொத்தி பொந்து குடைந்திருக்கிறது. பசறையில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஷிப்னா டீச்சர் பறவை பார்க்கும் கழகம் ஒன்று நடத்துகிறார். கூட்டுக்கு இருபது அடிக்குள் போகக்கூடாது என்பது டீச்சரின் சட்டம். அதற்காக இவள் மழைத்தண்ணீர் ஓடுகிற சீமெந்துக் கான் ஓரமாக ஒரு மர ஆப்பு, பொந்துக்குக் கீழே சரிவில் இன்னொன்று அடித்து, நடுவே இருபது அடிக்குச் சிவப்பு நூலை விறைப்பாகக் கட்டியிருக்கிறாள். விறகுக் கட்டோடு வந்த நான் அதில் தடுக்கினேன்.

"இன்னொரு தரம் தடுக்கிச்சுன்னா ரெண்டு ஆப்பையும் புடுங்கி அடுப்பில வச்சிடுவேன்" என்றேன்.

"உள்ள முட்டை இருக்கு தாத்தா. மெதுவாப் பேசுங்க."

எழுபத்திரண்டு வயதில், என் வீட்டுப் பின்பக்கத்தில், நான் மெதுவாகப் பேச வேண்டுமாம்.

ஜனவரி 9

மழை. கிராம சேவகர் மறுபடி வந்தார். மண்சரிவு அபாயம், ஆறு குடும்பமும் எழும்பிப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று கடிதம். சிங்களத்தில் இருந்தது. நானாகப் படித்துக்கொண்ட சிங்களத்தில் அவருக்கே வாசித்துக் காட்டினேன். திகதி பிழை என்பதையும் சொன்னேன்.

போன முறையும் இதே கதைதான். நான்கு மாதம் மண்டபத்துத் தரையில் படுத்துவிட்டுத் திரும்பினால் கதவு இல்லை, கூரைத் தகரம் இல்லை. வீடு கட்டத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணியும் இல்லை. மலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இந்த முறை போகமாட்டேன். போனால் எல்லாம் போய்விடும். "அற்புதராஜ் அண்ணன் இருக்கிறவரைக்கும் நாங்களும் இருக்கிறோம்" என்று மற்ற ஐந்து வீடும் சொல்லிவிட்டது.

மகன் கிருபாகரன் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எனக்கு எதிராக இருக்கிறான் என்று அர்த்தம்.

ஜனவரி 12

முட்டை பொரித்துவிட்டதாம். தாயும் தகப்பனும் இரை கொண்டு போவதை லூசியா கழகப் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதுகிறாள். '6.20 வெட்டுக்கிளி. 6.41 ஓணான், சின்னது. 6.55 ஓணான், வால் இல்லை.' இதே அக்கறையைப் புலமைப்பரிசில் பரீட்சையில் காட்டினால் என்ன என்று கேட்டேன். மருமகள் ரொஷானி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரி 15

லூசியா என்னைப் பொய்யன் என்கிறாள்.

"நூல் தொங்கிப் போயிருக்கு. சரிவில இருந்த ஆப்பைப் புடுங்கி இங்கிட்டு நட்டது நீங்கதானே?"

"நான் தொடல."

"புடுங்குவேன்னு சொன்னீங்க."

சொன்னேன். செய்யவில்லையே. சொல்வதும் செய்வதும் ஒன்றா?

"மழைக்கு ஆப்பு சாஞ்சிருக்கும்."

"நேராத்தான் நிக்குது. அம்மா டேப்பால அளந்தேன். பத்தொன்பதே முக்கால் அடி."

புத்தகத்திலும் எழுதிவிட்டாள்: 'ஆப்பை நகர்த்தியது: தாத்தா.' என் பெயரை வெட்டச் சொன்னேன். உண்மையை மட்டும்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம், வெட்டமாட்டாளாம். யாரைக் கொண்டு பிறந்தது இந்தப் பிடிவாதம்?

ஜனவரி 16

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். "சின்னப்பிள்ளை எழுதினதுக்கா மாமா சாப்பிடாம இருக்கீங்க?" என்கிறாள் ரொஷானி. தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பத்திரண்டு வருடம் வேலை செய்தேன். ஒரு பிடி தூள் எடுத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது டீச்சர் பார்க்கிற புத்தகத்தில் என் பெயர்.

பின்னேரம் அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கடப்பாரையை, எடுத்தேன். சரிவில் அவளுடைய ஆப்புக்குப் பக்கத்திலேயே இரண்டு அடி ஆழத்துக்கு அடித்து இறக்கினேன். கான் சீமெந்தில் ஒரு ஆணி. இரண்டுக்கும் நடுவே கம்பி, விரலால் தட்டினால் சத்தம் வருகிற விறைப்பு. சரியாக இருபது அடி. டேப்பின் மறுமுனையை அவளே பிடித்தாள். மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தது.

"நாளைக்கும் இருபது இருந்தா என் பேரை வெட்டணும்."

"வெட்டுறேன். குறைஞ்சிருந்தா?"

"இதை யாரும் அசைக்க ஏலாது."

ஜனவரி 17

பத்தொன்பது அடி எட்டு அங்குலம்.

மூன்று தரம் அளந்தேன். கம்பி தொய்ந்து கிடக்கிறது. அலவாங்கு துளியும் ஆடவில்லை, நின்றபடியே மண்ணோடு வந்திருக்கிறது. கானில் நேற்றுத் தெளிவாக ஓடிய தண்ணீர் இன்று சிவப்பு.

"அப்ப யாரு தாத்தா?" என்றாள்.

மலையை நிமிர்ந்து பார்த்தேன். நான் இருக்கிறேன் என்பதற்காக இருக்கிற ஐந்து வீடு. அந்தச் சரிவுக்குக் கீழேதான் பிள்ளை தினமும் விடியக் காலையில் — கர்த்தரே, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்.

வீடு வீடாகப் போனேன். கடைசி வீட்டு ஜெபமாலை கேட்டாள், "நீங்கதானே அண்ணன் போகவேணாம்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். எழும்பு."

எல்லோரும் எழும்பிவிட்டார்கள், லூசியாவைத் தவிர. கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "குஞ்சு இன்னும் பறக்கல. போனா எல்லாம் போயிரும்னு சொன்னீங்கதானே?" என் பேச்சை எனக்கே திருப்பித் தருகிறாள். பிய்த்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், இந்த முழங்காலோடு. மண்டபம் வரும்வரை என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 18

மண்டபம். அதே தரை. மழை.

ஜனவரி 19

காலை ஒன்பதரைக்கு மேடு இறங்கிவிட்டது. இங்கே வரை சத்தம் கேட்டது. நாலு வீடு மண்ணுக்குள். எங்களுடையதும். ஆட்கள் இருபத்தேழு பேரும் இங்கே இருக்கிறோம்.

லூசியாவிடம் யார் சொல்வது என்று ரொஷானி என்னைப் பார்த்தாள். சொன்னேன்.

"குஞ்சு?"

பறந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாது" என்றேன்.

ஜனவரி 21

லூசியா தன் பாயை ரொஷானிக்கு மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நானும் கூப்பிடவில்லை.

ஜனவரி 24

ஏழு பேர்ச் காணிக்கு மனு எழுதுகிறேன். இந்த முறை விடமாட்டேன். மண் நகர்ந்த திகதியும் அளவும் ஒழுங்காக எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு ஆள்தான். புத்தகத்தைக் கேட்டேன். கொண்டுவந்து என் பாயில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கடைசிப் பக்கத்தில் இன்றைய திகதி. '6.10. மண்டபத்துக் கூரை. மைனா 2.' அதற்கு முந்திய பக்கத்தில், 'குஞ்சு: தெரியாது.'

பின்னுக்குப் புரட்டினேன். ஜனவரி 15. 'ஆப்பை நகர்த்தியது' என்பதற்கு எதிரே என் பெயரை அடிமட்டம் வைத்து நேராக வெட்டியிருக்கிறாள். மேலே சின்ன எழுத்தில்: மலை.