அம்மா பார்த்ததை ஆர் சொன்னது?

இல்லை அண்ணை, எங்கடை வீட்டு வீடியோக்களை ரீவியிலை பார்க்கக் காசு கட்டுற சேர்வர் மென்பொருள்தான் பாதுகாப்பு எண்டு நீங்கள் சொன்னதை நான் நம்பேல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் அப்பாவின்ரை செத்தவீட்டு வீடியோ பார்க்கிறது கனடாவிலை இருக்கிற மாமிக்கு எப்படித் தெரியும்? ஆர் என்ன பார்த்ததெண்டு அந்த மென்பொருள் கம்பனி கிழமைக்கொருக்கா சொந்தக்காரர் எல்லாருக்கும் மெயில் அனுப்புதாம். நான் வாசிக்கிற ரஷ்ய நாவல்களிலை ஒற்றன்கூடக் கதவைத் தட்டித்தான் வருவான். அனுமதி குடுத்தது நீங்களோ?

அந்த மென்பொருளை அழிச்சுப்போட்டு, இலவசமான திறந்த மூல மென்பொருளைப் போட்டிட்டன். இனி வீட்டை விட்டு ஒண்டும் வெளியாலை போகாது. மாமியின்ரை ரீவியிலை எங்கடை வீடியோ ஓடாட்டிப் பரவாயில்லை.

புட்டும் மீன்குழம்பும் மூடி வைச்சிருக்கு.

லவீனா

பி.கு: ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறதுக்கு மாமி ஏசினதிலையிருந்து அம்மா ரீவிப் பக்கமே போறேல்லை. பார்த்தது நீங்கள்தான் எண்டு மாமிக்கு ஒருக்கா சொல்லுவியளோ?