ரம்மில் ஊறிய இலை

யூஃப்ரசி அக்காவுக்கு,

ஒனிசீம் உங்களை விட்டு என்னிடம் வந்தபிறகு நாம் பேசிக்கொண்டதில்லை. இதை மட்டும் கிழிக்காமல் படியுங்கள்.

அவருக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. மலைச்சரிவிலிருந்து ப்வாதென் மரத்து இலை பறித்துவந்து ரம்மில் ஊறவைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் தேய்த்துவிடுகிறேன். இலையைக் கொதிக்கவைத்துக் கஷாயமும் கொடுக்கிறேன். ஒரு வாய்க்குமேல் இறங்குவதில்லை. டாக்டர் தன் மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேற்று தேய்க்கும்போது கண்ணைத் திறக்காமலே, "யூஃப்ரசி, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயேன்" என்றார்.

நான் யூஃப்ரசி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பல நாள் கழித்து அந்த முகத்தில் வலியே தெரியவில்லை.

"சரி, பேசாம படுங்க" என்று சொல்லி அழுத்தித் தேய்த்தேன்.

அதற்குப்பிறகு என் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. இன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "யூஃப்ரசி, எம்மேல இருந்த கோவம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

தேய்ப்பதை உங்களுக்காக நான் செய்துவிட்டேன் அக்கா. இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ரோசோவிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். நீங்கள் உள்ளே இருக்கும்வரை நான் அடுப்படியிலேயே இருந்துகொள்கிறேன். அவரிடம் கோவம் போயிடுச்சு என்று சொல்லுங்கள், போகாவிட்டாலும்.

இப்படிக்கு,
அவர் வீட்டில் இருப்பவள்