புளியமரத்துக்குக் கீழே

சர்வே முகாம்
12.2.79

அன்புள்ள அய்யாவுக்கு,

பெத்துராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சங்கரன்கோவிலில் குடிதண்ணீருக்குக் கஷ்டமில்லையே?

நேற்று அரை நாள் மலை ஏறினோம். அணை கட்டினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அளக்கும் வேலை. கருவியை நானும் குருவிகுளத்துக் காசியும் சுமந்தோம். இன்ஜினீயர் தன் தொப்பியைச் சுமந்தார். உச்சியிலிருந்து ஆறு மூன்று இடத்தில் வளைவதும், கரும்புத் தோட்டங்களும், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும்கூடத் தெரிந்தன. கருவிக்குள் பார்க்கக் கேட்டேன், விட்டார். அதில் எல்லாமே தலைகீழாகத் தெரிகிறது. ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

"அருமையான காட்சிய்யா" என்ற இன்ஜினீயர், கீழே தெரிந்த புளியமரத்தைக் காட்டி, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் முழுகும் என்றார். நோட்டீசு வரும்வரை வெளியே சொல்லக் கூடாதாம். ஊர் முழுகுவதை ஊர்க்காரனுக்குத்தான் கடைசியில் சொல்வார்கள்.

இறங்கும்போது அந்த மரத்துக்குக் கீழே ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். வாசலில் புதுக் கீற்று அடுக்கியிருந்தது.

"ஏனுங் தம்பி, அணை வருதுங்கறாங்களே, கூரை மாத்தலாமுங்களா?" என்று மோர் கொடுத்த அம்மா கேட்டார்.

"ஏலே, உனக்கெதுக்கு வம்பு? வா" என்று காசி இழுத்தான்.

"மாத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். என் பழைய போர்வையை அனுப்புங்கள். தம்பியை வாரம் ஒரு கார்டு எழுதச் சொல்லுங்கள். மாடு கன்று போட்டதா என்று எழுதினால்கூடப் போதும்.

அந்த அம்மா இன்னும் ஏழு வீட்டாரைக் கூட்டிக்கொண்டு முகாம் வாசலில் வந்து நிற்கிறார். போய்ச் சொல்கிறேன்.

உங்கள் மகன்
பெத்துராஜ்