துண்டில் மடித்த அன்னம்

சான் ரோக்கே, சமார் தீவு
பிப்ரவரி 2

அன்பு மகள் நெனித்தாவுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் படகில் ஏற்றிய கோழிகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. இந்த நாலு வரிக்குள் காப்பி ஆறிப்போய்விட்டது.

சனிக்கிழமை முதியோர் வகுப்பில் எங்கள் டீச்சர் வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். மற்றக் கிழங்கள் எல்லாம் ஜனாதிபதிக்கு எழுதுகின்றன. நான் உனக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஹாங்காங்கிலிருந்து போனில் பேசுவது தெருவுக்கே கேட்கிறது. இது நமக்குள் இருக்கட்டும். நீயும் எழுது. யாரையும் கூப்பிடாமல் நானே படிப்பேன்.

உன் மகளுக்கு வேலைப் பயிற்சிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சமையல் பிரிவு எடுத்த பிள்ளைகள் இந்த அரையாண்டு முழுக்க வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஒரு சமையற்கூடத்தில் நின்று வேலை பழக வேண்டுமாம். பழகியதாக அங்கே கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி. அமிஹானை அவளுடைய ஞானத்தாய் பூரித்தாவின் கடற்கரை விடுதிக்கே அனுப்புகிறார்கள். வெள்ளை மேலங்கி தைத்து, ராத்திரி அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். "தாத்தா, ஒரு மாசத்துல உனக்கு இறால் வறுத்துத் தரேன் பாரு" என்கிறாள். எனக்குப் பல் நாலுதான் இருக்கிறது. பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

உன் அப்பா
அம்புரோசியோ
(இந்தப் பெயரை நானே எழுதினேன். இனிமேல் பெருவிரல் மை கிடையாது.)


ஹாங்காங்
பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை படித்தேன். கோழிகள் அழகாகத்தான் விழுந்திருக்கின்றன. நீங்கள் படிக்க வேண்டுமே என்று பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

பூரித்தாவிடம் நான்தான் பேசினேன். சம்மதத் தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அமிஹானாவது கடல் தாண்டாமல் இருக்கட்டும் அப்பா. எனக்கு வேறு ஆசை இல்லை.

முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் நெனித்தா


சான் ரோக்கே
பிப்ரவரி 23

அன்பு மகளே,

தைலம் தேய்க்கிறேன். முட்டி நன்றாக இருக்கிறது. வயிறுதான் எரிகிறது. கோபத்தில்.

நேற்றுக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிறேன், துண்டைக் காணோம்.

"அமிஹான், எங்கடி என் துண்டு?"

"மேசை மேல இருக்கு தாத்தா."

"மேசை மேல ஒரு வாத்துதான் இருக்கு."

"வாத்து இல்ல, அன்னம். அதுதான் துண்டு."

என் துண்டைக் கழுத்தை வளைத்து, வாலை மடித்து, அன்னமாக்கி உட்காரவைத்திருக்கிறாள். விருந்தாளிகளின் கட்டிலில் வைப்பதற்காம். விடுதியில் இதுதான் கற்றுக்கொண்டாளாம். சமையல் எப்போது என்றேன். "நாளைக்கு யானை சொல்லித்தராங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். மகளே, அந்தப் பிள்ளைகள் ஒரு நாள்கூட அடுப்படிக்குள் காலை வைக்கவில்லை! இவள் கட்டில் விரிக்கிறாள். இவளோடு போன ஒருத்தி போர்வை துவைக்கிறாள். இன்னொருத்தி வாசலில் குவளையோடு நின்று விருந்தாளிகளின் காலில் ஒட்டிய மணலைக் கழுவிவிடுகிறாள். சமையல் படிக்கிற பெண்! முன்பு இந்த வேலைக்குச் சம்பளத்துக்கு மூன்று பேர் இருந்தார்கள். பயிற்சிக்குப் பிள்ளைகள் வந்ததும் அந்த மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் உன் பூரித்தா.

இதைவிடக் கேள். பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு நாள் மூவருக்கும் வெள்ளைத் தொப்பி மாட்டி, கையில் கரண்டி கொடுத்து, அடுப்பருகே நிறுத்திப் படம் எடுத்தார்களாம். படம் எடுத்து முடிந்ததும் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். கரண்டியையும்.

பள்ளியில் போய்க் கேட்டேன். சமையல் வாத்தியார் எலிசியோ நல்ல பையன், தலையைச் சொறிந்தான். "நான் என்ன பண்றது மாமா? கூடைப்பந்து மைதானத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தது பூரித்தா அம்மாதான். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வாயே திறக்கமாட்டார்." கூரை யார் தலைக்கு மேலே? பிள்ளைகள் தலைக்கு மேலே. அந்தப் பிள்ளைகளை வைத்தே கூரைச் செலவைக் கழித்துக்கொள்கிறாள்.

எழுதும்போது தாள் கிழிந்துவிட்டது. பேனாவை அழுத்திவிட்டேன்.

உன் அப்பா


ஹாங்காங்
மார்ச் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

தாள் கிழிந்த இடத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். எந்த இடத்திலும் முதலில் துடைக்கத்தான் சொல்வார்கள். பிறகுதான் அடுப்பைத் தொட விடுவார்கள். இப்போது சண்டை போட்டால் கையெழுத்தும் போகும், வேலையும் போகும். அப்புறம் அமிஹானும் இங்கே வந்து நிற்பாள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், விடுதிப் பக்கம் போகாதீர்கள்.

நெனித்தா


சான் ரோக்கே
மார்ச் 15

அன்பு மகளே,

போய்விட்டேன்.

நீ போகாதே என்று எழுதிய வரியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்தது புரிந்தது. புரிந்துதான் போனேன்.

ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிற பையன் உணவுப் பட்டியலைக் கொடுத்தான். நெனித்தா, வாழ்க்கையில் முதல் தடவை அதைப் படித்தேன்! மேலிருந்து கீழே வரைக்கும், விரலை வைத்து, உரக்கப் படித்தேன். பையன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான்.

"தாத்தா, சீக்கிரம் சொல்லுங்க."

"இருடா. எழுபது வருஷம் லேட்டாயிடுச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம் ஆனா குடி முழுகிடாது."

புளி போட்ட மீன் சாறு, சினிகாங், கேட்டேன். "அதை அமிஹான் சமைக்கணும்" என்றேன். அவன் முழித்தான். "இங்க சமையல் பழக வந்திருக்கிற பொண்ணு. வெள்ளை மேலங்கி போட்டிருக்கும். மேலே போய்ப் பாரு, ஏதாவது கட்டில்ல யானை செஞ்சுகிட்டு இருக்கும்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூரித்தா ஓடி வந்தாள். வந்ததும் என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஒற்றி முடித்த பிறகுதான் குரல் மாறியது.

"என்ன அம்போ அப்பா இது? விருந்தாளிங்க முன்னாடி!"

"நானும் விருந்தாளிதாம்மா. காசு கொடுத்துதான் சாப்பிடப் போறேன்."

"சின்னப் பிள்ளைங்களை அடுப்புகிட்ட விட்டா தட்டை உடைக்கும், கையைச் சுட்டுக்கும். யார் பதில் சொல்றது?"

"சுட்டுக்கத்தானே பயிற்சிக்கு அனுப்பறாங்க? சுட்டுக்காம யாரு சமையல் கத்துக்கிட்டா? நீ கத்துக்கிட்டியா?"

"நான் அவளுக்கு நல்லதுதான் செய்யறேன். வேலை தரேன்னு நெனித்தாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எந்த வேலை? துண்டு மடிக்கிற வேலையா? சம்பளத்துக்கு இருந்தவங்களையே அனுப்பிட்டே. அடுத்த வருஷம் வேற பிள்ளைங்க சும்மா வரும்போது இவளை வெச்சுப்பியா?"

வெயில் தலைக்கு ஏறிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி, வழியனுப்ப மறுபடி கையைக் கேட்டாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஊர் பார்க்க ஞானஸ்நான உறவுக்காரிக்குக் கை கொடுக்க மறுத்த கிழவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப சரி. நாளையிலேர்ந்து அமிஹான் வரவேண்டாம். கையெழுத்தும் கிடையாது" என்றாள்.

அமிஹான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். "என் படிப்பைக் கெடுத்துட்டே தாத்தா" என்றாள், அவ்வளவுதான். இரண்டு நாளாகப் பேசவில்லை. துண்டை மடிக்காமல் கொடியில் போட்டிருக்கிறாள். எனக்கு அந்த அன்னமே தேவலை என்று இருக்கிறது.

நீயும் திட்டு. பெரிய எழுத்தில் திட்டு.

உன் அப்பா


ஹாங்காங்
மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். முதல் தாள் முழுக்கத் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்தத் தொப்பிப் படம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் அனுப்பும் படங்களை நினைத்துப் பாருங்கள். மேசை நிறைய வாத்து, நண்டு, முழு மீன், பக்கத்தில் நான். என் மகள் ஹாங்காங்கில் சமையல்காரி என்று ஊரெல்லாம் காட்டுவீர்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அப்பா, இத்தனை வருடத்தில் நான் வேலை பார்க்கும் இந்த வீட்டு அடுப்பைத் துடைத்திருக்கிறேன். பற்றவைத்ததில்லை. வந்த புதிதில் சமையல் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினேன். "முதலில் வீட்டைப் பழகு, பிறகு அடுப்பு" என்றாள் எஜமானி. அந்தப் பிறகு வரவே இல்லை. பொறுங்கள், முதலில் துடைக்கத்தான் சொல்வார்கள் என்று உங்களுக்கு எழுதினேனே, அது என் வாயில் வந்த அவளுடைய பேச்சு. எழுதிய அன்றே எனக்குக் கசந்தது.

என் பிள்ளையைக் கடல் தாண்டாமல் வைத்துக்கொள்ள நினைத்து, உள்ளூரிலேயே இதே கட்டிலை விரிக்க அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எலிசியோ சாரைப் போனில் பிடித்தேன். சம்மதம் கொடுத்த தாய் நான், அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மற்ற இரண்டு பெண்களின் தாய்மாரிடமும் பேசினேன். ஒருத்தி ரியாத்தில் இருக்கிறாள், நான் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். மூன்று பேரும் சொன்ன பிறகு தலைமையாசிரியருக்கு வாய் திறந்துவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் தூரிங் அக்காவின் சாப்பாட்டுக்கடைக்கு மாற்றித் தருகிறார்கள். விட்டுப்போன நாட்களைப் பள்ளி முடிந்த பிறகு சேர்த்துச் செய்ய வேண்டும். பூரித்தாவிடமும் நானே பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள்.

என் ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லித் தாளை மேசையில் வைத்திருக்கிறாள் எஜமானி. இன்னும் தொடவில்லை. நாற்பதைத் தாண்டியவர்களைத் தூரிங் அக்கா அடுப்பில் சேர்த்துக்கொள்வாரா என்று சும்மா விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நெனித்தா


சான் ரோக்கே
ஏப்ரல் 20

என் அன்பு நெனித்தா,

இந்தக் கையெழுத்தையும் மன்னித்துவிடு. இந்தத் தடவை வயது காரணம் இல்லை. உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். உன் எஜமானியின் அடுப்பை நினைத்தால் எனக்கு வருகிற கோபத்துக்கு எழுத்து போதவில்லை. இன்னும் கடினமான சொற்களை டீச்சர் சொல்லித்தரவில்லை. அழகாகப் படம் எடுத்து அனுப்புகிறாய் என்று பெருமைப்பட்டேனே, அந்தப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். உன் படத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். வாத்தும் நண்டும் குப்பைக்குப் போயின.

இப்போது நல்ல செய்தி. தூரிங் முதல் நாளே மூன்று பெண்களையும் பெரிய பானைக்கு முன்னால் நிறுத்தி, "சோறு வடிங்கடி, படகு வர்ற நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டாள். அமிஹான் சோற்றைக் கருக்கிவிட்டாள். பானை அடி முழுக்கக் கரி. சுமைதூக்கிகள் விடுவார்களா?

"அமிஹான், இது சோறா, படகு அடியில பூசுற தாரா?"

"தாருன்னா ரெண்டாவது தட்டு எதுக்கு நீட்டறே?" என்றாள் உன் மகள். துறைமுகமே சிரித்தது. அன்று ராத்திரி என்னோடு பேசிவிட்டாள். "தாத்தா, கையைச் சுட்டுக்கிட்டேன்" என்று கொப்புளத்தைக் காட்டினாள், ஏதோ மெடல் வாங்கியவள் மாதிரி.

நேற்று அவள் வைத்த மீன் சாறு. புளி கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை. சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டேன். தூரிங்தான் சொன்னாள், கத்திச் சொன்னாள். இன்று புளி சரியாக இருந்தது.

பூரித்தா ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் என் கையை நெற்றியில் ஒற்ற வந்தாள். கை கொடுத்தேன். பேச்சுக் கொடுக்கவில்லை. அவள் விடுதிக்கு வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்வி. அந்த ஊர்த் தாத்தாக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, தெரியவில்லை.

என் துண்டு இப்போது அன்னம் இல்லை. சூடான சட்டி இறக்க அதைத்தான் கொண்டுபோகிறாள். கரி பிடித்து, மீன் நாற்றம் அடித்து, தூரிங் கடை அடுப்பருகே கிடக்கிறது. நான் குளித்துவிட்டுக் காற்றில் காய்கிறேன்.

நீ விளையாட்டாகக் கேட்கச் சொன்னதை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. தூரிங் மீன் செதிலை வழித்துக்கொண்டே சொன்னாள்: "வரச் சொல்லுங்க. முதல் நாள் சோறு கருகும். அது எல்லாருக்கும்தான்."

அந்தத் தாளைத் தொடாதே மகளே.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். நவம்பருக்குப் பிறகு வாரக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று டீச்சர் கேட்டார். தலைமையாசிரியருக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா அம்புரோசியோ