பெருமாள் அமுது செய்வதற்கு முன்

திருப்பதி,
புதன்கிழமை

சௌபாக்கியவதி நீரஜாவுக்கு, மன்னி யதுகிரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது, அதனால் விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கும்போது மன்னி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உன் அண்ணாவுக்குக் கேட்கிறது. உடம்பில் மற்றதெல்லாம் ஓய்ந்துவிட்டது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. தவிர, நேற்று நீ அழ, நான் கோபப்பட, பேச வேண்டியதைப் பேசாமலே வைத்துவிட்டோம். இதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை வந்து, ஆம்புலன்ஸில் அண்ணாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன், அங்கே மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி கொடுப்பார்கள் என்றாய். "பட்டினி போட்டே அனுப்பிடுவேளா மன்னி" என்றும் கேட்டாய். அந்த வார்த்தை தைத்தது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் அது வேதனையில் வந்தது என்றும் தெரியும். அப்பா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

வயிற்றில் வந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி மருந்து ஒன்றும் ஏற்ற வேண்டாம், வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பியது உனக்குத் தெரிந்ததுதான். அதற்காகவே ரேஷ்மா என்று ஒரு நர்ஸ், பலமனேர்ப் பெண், வாரத்தில் சில நாள் வீட்டுக்கு வருகிறாள். முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பாள், மாத்திரை அளவைப் பார்ப்பாள். மீதியெல்லாம் நான்தான். துடைப்பது, துணி மாற்றுவது, பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது. ஒரு விரிப்பு காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடுகிறது. மாடிக் கொடியில் தனக்கு இடமில்லை என்று கீழ்வீட்டு யசோதா முகத்தைச் சுளிக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த டம்ளர்களைக் கழுவுவதும் நான்தான். இடுப்பு விட்டுப்போகிறது, நீரஜா. சில நாள் இதெல்லாம் எப்போது முடியும் என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டு என்னையே திட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். காலை வேளையில் அவருக்குத் தாங்க முடியாத வலி. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மத்தியானம் முழுக்க நினைவில்லாமல் தூங்கினார், மறுநாள் காலை மறுபடியும் அதே வலி. யாருக்கும் காரணம் புரியவில்லை.

நைவேத்தியமாகிப் பெருமாள் அமுது செய்யாமல் உன் அண்ணா பல்லில் தண்ணீர் படவிட மாட்டார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டிக்குப் போன காலத்திலும் ஆத்துப் பெருமாளுக்கு ஆராதனை முடிந்துதான் காபி. இப்போது அவரால் எழுந்திருக்க முடியாது என்று பக்கத்தாத்து வேங்கடேஷ் வந்து செய்துவிட்டுப் போகிறான். கோயில் கைங்கரியம் முடிந்துதானே அவனால் வர முடியும், வெயில் ஏறிவிடும். விடிந்ததும் போட வேண்டிய மாத்திரை அதுவரை தட்டிலேயே கிடக்கும். மருந்துக்கு தோஷமில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தனக்கென்று வரும்போது வாயை மூடிக்கொண்டார். நானும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணமான நாளாகப் பார்த்த நியமம், டாக்டரிடம் சொல்ல வேண்டிய சங்கதி என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் சீக்கிரம் வந்த ரேஷ்மா தட்டில் மாத்திரையைப் பார்த்துவிட்டாள். நான் காரணத்தைச் சொன்னபோது கோபப்படவில்லை. "வலி வந்தப்புறம் குடுக்கிறது இல்லம்மா இது, வராத முன்னவே குடுக்கணும். தாத்தா இம்மா நாளா பல்லைக் கடிச்சிக்கினு கெடந்திருக்காரு" என்றாள்.

அவள் போனதும், முதல் தடவையாக உன் அண்ணாவிடம் குரலை உயர்த்தினேன். "நீங்க இப்படித் துடிக்கறதைப் பார்த்துண்டு எந்தப் பெருமாள் சாப்பிடுவார்? எனக்கே ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்கறது" என்றேன்.

"கொடு. நேர்ல போய் அவர்ட்ட நானே சொல்லிக்கறேன்" என்று வாயைத் திறந்தார். சிரிக்கவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் அந்த வலி இல்லை.

அவ்வளவு நியமம் பார்த்தவர் அதை விட்டுக்கொடுத்தார் என்றால், இந்தக் கட்டிலில் நிம்மதியாகப் படுத்திருக்கத்தான். நீ குழாய் பற்றிச் சொன்னதை அவரிடம் மறைக்கவில்லை. தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நீரஜாவை வரச் சொல்லு, வண்டியெல்லாம் எதுக்கு என்றார். டாக்டரையும் கேட்டேன். உடம்பு இப்போது சாப்பாடு கேட்கவில்லை, பசியால் அவர் வாடவில்லை, குழாயில் ஊற்றினால் மூச்சுதான் முட்டும் என்றார். அதை முழுக்க நம்ப எனக்கும் மனசு வரவில்லை. தினமும் மிளகு சாத்தமுது விட்ட சாதத்தைக் குழையக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டால், அது எனக்காக.

அதனால் கேட்கிறேன், ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ மட்டும் வா. நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் நான் கொஞ்சம் படுப்பேன். என்மேல் கோபம் மிச்சமிருந்தால் அப்புறம் சண்டை போடலாம், நான் எங்கே போகப் போகிறேன்.

நேற்றிலிருந்து அவருக்குப் பாதம் சில்லென்று இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் சூடு ஏறவில்லை. ரேஷ்மா தொட்டுப் பார்த்தாள். நாளைக்கும் வருகிறேன் என்றாள். நாளைக்கு அவள் வருகிற நாள் இல்லை.

பெருமாள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெள்ளிக்கிழமை டிக்கெட்டை நாளைக்கே வருகிற மாதிரி மாற்ற முடியுமா பாரடி, அம்மா.

இப்படிக்கு,
உன் மன்னி
யதுகிரி