கோவா மணத்த மூட்டை

அண்ணை,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் பிரிட்ஜுக்குள் ஒரு முட்டைக்கோவா அழுகிக் கிடந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நாற்பத்தெட்டு வயது ஆள் நான், அதைக் கையில் ஏந்தி மணந்துகொண்டு நின்றேன். "மூளை பழுதாப் போச்சோ?" என்று கேட்டாள் மனைவி. எனக்கு அது கோவா இல்லை. ஒஷாவாவுக்கு அங்கால் நாங்கள் வேலை செய்த மாட்டுத்தீவன ஆலையின் வெள்ளை மூட்டை.

மெதியோனின், ஒரு அமினோ அமிலம் என்றீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது வாயில் நுழையவில்லை. அழுகின கோவா மணம் அடித்ததால் கோவா மூட்டை என்று பெயர் வைத்தேன். ஊரில் கால்நடை அலுவலகத்தில் தீவனம் பார்த்த நீங்கள் இங்கே, இந்தப் பனி நாட்டில், என்னோடு மூட்டை தூக்கியது எனக்குக் கொண்டாட்டம். உங்களுக்கும் ஒரு பெயர் வைத்தேன்: டொக்டர். "முட்டைகூடத் தொடாத சைவம், வெட்டித் தின்னுற மாட்டுக்குச் சமைக்குது" என்று, வேலைக்கு எங்களை ஏற்றி இறக்கும் வேனில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

"வளருற கண்டுக்குச் சதை வைக்க உது வேணும்" என்று ஒருநாள் விளக்கினீர்கள். "சும்மா போட்டா மாட்டின்ர நாலு வயித்தில முதலாவதில இருக்கிற கிருமியள் திண்டுடும். அதுக்குத்தான் ஒவ்வொரு குறுணிக்கும் மேல பூச்சு. பூச்சு கெடாமப் போனாத்தான் குடலுக்குப் போய்ச் சேரும்."

"அப்ப மாட்டுக்கும் ஜாக்கெட் வேணும் எண்டுறியள்."

"மாட்டுக்கில்லை ஐசே, சாப்பாட்டுக்கு."

அந்தப் பூச்சு சூடு தாங்காது. மற்றத் தீவனத்தை ஆவியில் அவித்து, சின்னக் குளிசைகளாக அழுத்தி, ஆறவிட்டுக் கடைசியில்தான் அதைக் கலக்கவேண்டும். கலக்கிறது என் வேலை. ஆறும்வரை நின்றால் வேன் போய்விடும். நான் சோளத்தோடு சேர்த்து முதலிலேயே கொட்டினேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, அந்த இலையுதிர்காலம் முழுக்க.

அந்தக் கலவை நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தது. கன்றுகள் நிறை வைத்தால் உங்களை மூட்டை தூக்கும் வேலையிலிருந்து எடுத்து, கலவை போடும் அறைக்கு அனுப்புவதாக சுப்பர்வைசர் சொல்லியிருந்தார். கன்றுகள் நிறை வைக்கவில்லை. தீவனம் வாங்கிய பண்ணைக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். நீங்கள் தீவனக் குளிசை ஒன்றை உடைத்து மணந்து, பூச்சு ஆவியில் உருகிவிட்டது என்று சுப்பர்வைசரிடம் சொன்னீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை. அவர் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார், யார் அப்படிப் போடச் சொன்னது என்று.

எனக்கு வாயில் வந்தது பகிடி. உங்களைக் காட்டி, "ஆஸ்க் த டொக்டர்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சுப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"நீர் பகிடிக்குத்தான் சொன்னீர் எண்டு எனக்குத் தெரியும்" என்றீர்கள், திரும்பும்போது வேனில். "நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லும்."

"ஓம் அண்ணை, சொல்லுறன்."

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உங்களை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினீர்கள். என்னைக் கண்டால், "பிள்ளையள் சுகமே?" என்பீர்கள். ஒருநாளாவது தூசணத்தால் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, கணக்கு முடிந்திருக்கும். அந்த உதவியைக்கூட நீங்கள் எனக்குச் செய்யவில்லை. மாசியில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பவில்லை. உங்கள் செத்தவீட்டிலும் ஆட்களைச் சிரிக்க வைத்தது நான்தான்.

கோவா மணந்த மறுநாள், ஞாயிறு, வெக்ஸ்போர்ட்டில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தேத்தண்ணி தந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவில்லை.

"அவர் அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார். நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் பாத்துக்கொண்டிருந்தவர். உங்களுக்கும் சேத்து அரிசி போடச் சொல்லுவார்."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. எழும்பி, கதவடியில் தொங்கிய குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அரை மணித்தியாலம் கழித்து பஸ் வந்தது. ரிக்கற் எடுக்கப் பைக்குள் கை விட்டபோதுதான் பார்த்தேன், ஜாக்கெட்டின் கை இரண்டு அங்குலம் குட்டை. அது உங்களுடையது. அக்கா தோய்க்கவில்லை போலும், இன்னும் கோவா மணத்தது. என் ரிக்கற்றும் வீட்டுக் கதவு திறக்கிற திறப்பும் என் ஜாக்கெட்டோடு உங்கள் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. திரும்பப் போய் மணி அடித்தேன். ஒருவரும் திறக்கவில்லை, அக்கா கோயிலுக்குப் போயிருப்பார். உங்கள் ஜாக்கெட்டோடு நடந்தே வீட்டுக்குப் போனேன்.