வண்டி நம் சந்துக்கு எதிரில்தான் நிற்கிறது

இந்தாங்க, உங்களைத்தான்.

இருந்தவரைக்கும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். போன பிறகு புதிதாக ஒரு பெயருக்கு எங்கே போவது? அச்சில் போடுகிற கடிதம் என்றால் தலைப்பில் பெயர் வேண்டும் என்றார் அச்சுக்கூடத்துக்காரர். புருஷன் பெயரை எழுத எனக்குக் கை வராது, இப்படியே போடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார். ஊரார் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் நல்ல செய்தி. டிராம் வந்துவிட்டது. மாடு இல்லை, குதிரை இல்லை, புகையும் இல்லை. தலைக்கு மேலே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு தானாக ஓடுகிறது. சிராங்கூன் சாலையில் எருமைத் தொழுவங்களைத் தாண்டி, நீங்கள் முளைக்கட்டை அடித்த அதே இடத்தில் நிற்கிறது. நான் ஏறினேன். நகரத்தில் இறங்கி இன்னொரு வண்டி மாறி, தஞ்சோங் பகாரில் போய் இறங்கினேன். கேட்கிறதா உங்களுக்கு?

மங்களத்தைத் தஞ்சோங் பகாரில் கட்டிக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. துறைமுகக் கிடங்கில் நல்ல வேலை, நல்ல பிள்ளை. தூரம்தான். இருப்பது ஒரே பெண், அவளையும் கடலோரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று நான் முரண்டு பிடித்தபோது நீங்கள்தானே பேசிப் பேசி என்னைக் கரைத்தீர்கள்? டிராம் பாதைக்கு அளவு எடுக்கிற துரையிடம் அப்போதுதான் சங்கிலி பிடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தீர்கள்.

“வண்டி வரப்போகுது புள்ள. நம்ம சந்துல ஏறுனா அவ வீட்டுப் பக்கத்துல இறங்கிடலாம்.”

“முன்னால புகை விட்டுக்கிட்டு ஒண்ணு ஓடுச்சே. அது மாதிரி இதுவும் நின்னு போச்சுன்னா?”

“அது நீராவி. இது மின்சாரம்” என்றீர்கள், என்னமோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி.

அதை நம்பித்தான் தலையாட்டினேன். கல்யாணம் முடிந்ததும் வீட்டுக் கணக்கு நோட்டில் ‘மங்களம் வீடு’ என்று வண்டிச் செலவுக்குத் தனியாக ஒரு பத்தி போட்டேன். ரிக்‌ஷா வைத்துப் போய்வர நமக்குக் கட்டுப்படியாகவில்லை. பத்தி வெறுமையாகவே கிடந்தது.

அவளுக்குத் தலைப்பிரசவம் வந்தபோது அவள் மாமியார் படுத்த படுக்கை. பெண்ணை நம் வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. வலி கண்ட செய்தி நமக்கு வந்து சேர்ந்து, கொட்டுகிற மழையில் ரிக்‌ஷா பிடித்து நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. “அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா” என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் சாயங்காலம், சேறு ஒட்டிய காலோடு நேரே அடுப்படிக்கே வந்து நின்றீர்கள். “இந்தா புள்ள, முடிஞ்சிருச்சு. வண்டி நிக்கிற இடத்துக்கு முளை அடிச்சாச்சு. நம்ம சந்துக்கு எதிர்ல. என் கையாலயே அடிச்சேன்.” என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தூங்குமூஞ்சி மரத்தடியில் காட்டினீர்கள். நல்ல கெட்டி மரத்தில் ஒரு முழத்துக்கு மேல் நீளமான கட்டை, தலையில் சிவப்புச் சாயம். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியுமோ?

காரியம் முடிந்த பிறகு தினமும் அந்திக்கு அந்தக் கட்டையின் பக்கத்தில் ஓர் அகல் ஏற்றி வைத்தேன். உங்கள் கை ஊன்றிய கடைசிப் பொருள் அதுதான் என்று என் மனசுக்குப் பட்டது. வேறொன்றும் நினைக்கவில்லை. ஆனால் மரத்தடி, சிவப்புத் தலை, பக்கத்தில் விளக்கு. நம் சனத்துக்கு இது போதாதா? யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பால்கார முத்தையா அண்ணன் எருமை கன்று ஈன்றதும் சீம்பாலைக் கொண்டுவந்து ஊற்றினார். வெள்ளிக்கிழமையானால் சுண்ணாம்புக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்தெல்லாம் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

“அக்கா, அது சாமி இல்ல, அவரு அடிச்ச முளை” என்று எதிர்வீட்டுச் சிவகாமி அக்காவிடம் சொன்னேன். “உனக்கு என்னடி தெரியும்? எம்மவன் இருமலு நின்னுருச்சு” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. நம் இடத்தில் எருமைகள்தான் இருக்கின்றன, ஏறுவதற்கு ஆள் இல்லை, அதனால் வண்டியைக் குளங்களுக்கு அப்பால் பங்களாக்கள் இருக்கிற இடத்தில் நிறுத்தலாம் என்று டிராம்காரர்கள் யோசனையை மாற்றிவிட்டார்களாம். அங்கே போகிற தடம் மழைக்கு முழங்கால் சேறு. இருட்டினால் பெண்கள் தனியாக நடக்க முடியாது. மங்களம் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மாமியார் இன்னும் படுக்கையில்தான். அம்மன் கோயிலில் போய் உட்கார்ந்து, தாயே, என்னை இந்தத் தடவையாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று அழுதேன்.

கட்டையைப் பிடுங்க ஆட்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் விடுமா? முத்தையா அண்ணன் கட்டையை மறித்துக்கொண்டு நின்றார். உங்கள் துரையும், அவரிடம் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரும் வந்தார்கள்.

“துரை கேக்கிறார், இது என்ன சாமி எண்டு” என்றார் கிராணி.

“முனியாண்டி” என்றார் முத்தையா அண்ணன். “இல்ல, எல்லையம்மன்” என்றாள் சிவகாமி அக்கா. பின்னாலிருந்து ஒருவர் நாகம்மா என்றார். கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “முதல்ல நீங்கள் ஒரு முடிவுக்கு வாங்கோ” என்றார்.

சிவகாமி அக்கா என்னை முன்னால் தள்ளி, “விளக்கு வச்சது இவதான், இவளக் கேளுங்க” என்றாள். சாமி என்று நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கட்டையை யாரும் தொடமாட்டார்கள். அம்மன் பதிகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற வாய் இது. அந்த வாயால் பொய்ச் சாமி சொல்லிவிட்டு அம்மன் முகத்தில் எப்படி விழிப்பேன்? உங்கள் முகத்தில்தான் எப்படி விழிப்பேன்?

“சாமி இல்லைங்க. எம் புருஷன் அடிச்ச முளை. வண்டி இங்க நிக்கும்னு இந்தத் துரைதான் அடிக்கச் சொன்னாரு. அவரு போயிட்டாரு. சொன்ன சொல்லு மட்டும் நிக்குது. எம் பொண்ணு தஞ்சோங் பகார்ல புள்ளத்தாச்சியா இருக்கா. அவகிட்ட நான் போய்ச் சேரணும்.”

சிவகாமி அக்கா என் கையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. கிராணி துரையிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். துரைக்கு உங்களை நினைவில்லை. அது எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்? ஆனால் அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வெறும் எருமைகள் என்று அவருக்குச் சொல்லப்பட்ட இடத்தில் இத்தனை சனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்கோ. எங்கயிருந்து வாறியள்? வண்டி நிண்டா ஏறுவியளோ?” கிராணி கேட்கக் கேட்க ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்திக்குச் சந்தை, ஒருத்திக்குத் தேங்க் ரோடு கோயில், இன்னொருத்திக்கு ஆஸ்பத்திரியில் கிடக்கும் அண்ணன். முத்தையா அண்ணன் மட்டும் “எருமைய ஏத்துவீங்களா?” என்று கேட்டார். அதையும் கிராணி துரையிடம் சொன்னார். துரையே சிரித்துவிட்டார். கட்டையைத் தொடாமல் திரும்பிப் போனார்கள்.

சில நாள் கழித்துக் கிராணி மட்டும் கூலியாட்களோடு வந்தார். “அம்மா, வண்டி இஞ்சதான் நிக்கும். பிளானைத் திருத்தியாச்சு. ஆனா நிறுத்தக் கம்பம் நட இந்தக் கட்டையை எடுக்கோணும். எங்கட ஆக்கள் கை வைக்கப் பயப்பிடுகினம்.”

நான் எடுக்கிறேன் என்றேன். கற்பூரம் காட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அசைந்தால்தானே? நீங்கள் அடித்த அடி அப்படி. கடைசியில் முத்தையா அண்ணனும் ஒரு கை கொடுத்தார். அதே குழியில் கம்பம் ஏறியது. கட்டையைக் கழுவி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதல் வண்டி வந்த அன்று சந்தே திரண்டு தேங்காய் உடைத்தது. நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். நல்ல காரியத்தில் தாலியறுத்தவள் எதிரில் வரலாமா என்று ஒரு முணுமுணுப்பும் கேட்டது. சிவகாமி அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“எங்கடி ஒளியிற? நீ கேக்காட்டி இந்த வண்டியே இங்க இல்ல. முதல்ல நீ ஏறு.”

“சகுனம் பாக்குறவங்க அடுத்த வண்டியில வாங்க” என்றார் முத்தையா அண்ணன். யாரும் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கவில்லை.

மங்களத்துக்கு வலி கண்டதும் மாப்பிள்ளை டிராமில் ஆள் அனுப்பினார். உலையில் போட்ட அரிசியைச் சிவகாமி அக்காவிடம் விட்டுவிட்டு அப்படியே ஏறினேன். நான் உள்ளே நுழைந்தபோது அவள் கண்ணை விரித்து, “எப்படிம்மா அதுக்குள்ள வந்த?” என்றாள்.

“உங்கப்பா கொண்டாந்து விட்டாரு” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டேதான் பெற்றாள். பெண் குழந்தை. நல்ல கனம், நல்ல குரல். உங்கள் காது அப்படியே.

கணக்கில் அந்தப் பத்திக்கு இப்போது இடம் போதவில்லை. நம் நிறுத்தக் கம்பத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் யாராவது பூச்சுற்றி விடுகிறார்கள். கண்டக்டர் திட்டிக்கொண்டே வருகிறார், பூவைத் தொடுவதில்லை. உங்கள் கட்டையின் கூரான முனையைத் தச்சரிடம் கொடுத்துச் சீவி, இழைத்து வாங்கினேன். தலையில் சிவப்பு மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்கவேண்டாம் என்றுவிட்டேன். சேலைத் தொட்டிலை விரித்துப் பிடிக்க ஒரு கட்டை வேண்டுமே, அதற்கு அதையே கொடுத்துவிட்டேன். பிள்ளையைப் பார்க்க என்னோடு டிராமில் வந்த சிவகாமி அக்கா பதறிப் போனாள்.

“அடியே, சாமியக் கொண்டாந்து தொட்டில்லயா கட்டுவ?”

“அவரு சாமி இல்லக்கா. இவளுக்குத் தாத்தா.”

பிள்ளைக்குக் கழுத்து நிற்கட்டும். அவளை மடியில் வைத்துத் தஞ்சோங் பகாரிலிருந்து நானே அழைத்து வருவேன். நம் சந்துக்கு எதிரில் இறங்கி, அவள் கையைப் பிடித்து அந்தக் கம்பத்தைத் தொட வைப்பேன். யார் ஊன்றிய இடம் என்பதை அவளுக்குப் புரிகிற வயசு வரைக்கும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இது அம்மன் அறியச் சொல்கிற சொல்.

நீங்கள் ‘இந்தா புள்ள’ என்று கூப்பிட்ட,
மங்களத்தின் தாய்,
இப்போது ஒரு பேத்திக்குப் பாட்டி.